கணிப்புத் திறனும் வாடகைக்கு: பொறியியல் சோதனைகளில் மேகக் கணிமை

ஒரு பொருளைச் செய்து பார்ப்பது, உடைத்துப் பார்ப்பது, குறையைக் கண்டறிந்து மீண்டும் செய்வது - தொழிற்சாலைகளில் நெடுங்காலமாக இருந்துவரும் முறை இதுவே. வார்ப்படத் தொழிலை எடுத்துக்கொள்வோம். உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றியதும் வெளிப்புறம் முதலில் உறைகிறது. தடித்த பகுதிகளின் உட்புறம் கடைசியாக உறைகிறது. உறையும் உலோகம் சுருங்குவதால், கடைசியாக உறையும் இடத்தில் குழி விழுகிறது. இந்தக் குழி வெளியே தெரிவதில்லை. வார்ப்படத்தைக் கடையும்போதோ, அதனைக் கொண்டு செய்த பம்பு வயலில் ஓடும்போதோதான் குறை வெளிப்படுகிறது. இதைத் தவிர்ப்பதற்காக, சுருங்கும் இடத்திற்கு உருகிய உலோகத்தை ஊட்டும் 'ரைசர்' என்னும் தேக்கத்தை அச்சில் அமைப்பார்கள். அதை எங்கே வைப்பது, எவ்வளவு பெரிதாக வைப்பது என்பது அனுபவத்தையும் ஊகத்தையும் பொறுத்ததாக இருந்தது. ஊகம் தவறினால் இரும்பும் எரிபொருளும் உழைப்பும் வீண்.

இன்று இதே சோதனையை ஒரு கிராம் இரும்பைக்கூட உருக்காமல் கணினியிலேயே செய்து பார்க்க முடிகிறது. பொறியியலாளர்கள் 'சிமுலேஷன்' என்று குறிப்பிடும் இந்தக் கணினிவழிச் சோதனை, விமானம், மோட்டார் வாகனம், அணுமின் நிலையம் போன்ற பெரிய தொழில்களில் பல ஆண்டுகளாக வழக்கத்தில் உள்ளது. ஆனால் ராஜ்கோட், கோலாப்பூர், ஹவுரா, கோயம்புத்தூர் போன்ற மையங்களில் வார்ப்படம், பம்பு, இயந்திர உறுப்புகள் ஆகியவற்றைச் செய்யும் சிறு தொழிலகங்களுக்கு, இதற்கு வேண்டிய சக்திவாய்ந்த கணினியின் விலை பெரும் தடையாக இருந்துவந்தது. அத்தடையைக் குறைக்கக்கூடிய வழி மேகக் கணிமை. கணினியை வாங்காமல், கணிப்புத் திறனை மட்டும் மணிக்கணக்கில் வாடகைக்குப் பெறும் இம்முறை எவ்வாறு இயங்குகிறது, எப்போது லாபம் தரும், எவ்வாறு அமைக்கப்பட வேண்டும் என்பனவற்றை மாணவரும் அதிகாரிகளும் அறிந்திருப்பது பயனுடையது.

கணினி ஏன் பெரிதாக இருக்க வேண்டும்?

திரவத்தின் ஓட்டம், வெப்பத்தின் பரவல், பாலத்தின் மீது விழும் பளு ஆகிய அனைத்தையும் கணிதச் சமன்பாடுகளால் குறிப்பிடலாம். ஆனால் நடைமுறையில் காணும் சிக்கலான வடிவங்களுக்கு இச்சமன்பாடுகளை நேரடியாகத் தீர்த்து விடை காண இயலாது. ஆகவே பொருளைப் பல லட்சம் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் அழுத்தம், வேகம், வெப்பநிலை ஆகியவற்றைக் கணக்கிட்டு, அக்கம்பக்கத்துக் கூறுகளோடு பொருத்திப் பார்க்கிறார்கள். கூறுகள் சிறியவையாக இருந்தால் விடை உண்மைக்கு அருகில் வரும்.

இங்குதான் செலவு பிறக்கிறது. ஒரு கூறின் பக்க நீளத்தைப் பாதியாக்கினால், நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று திசைகளிலும் எண்ணிக்கை இரட்டிப்பாகி, மொத்தக் கூறுகள் 8 மடங்காகின்றன. காலத்தோடு மாறும் நிகழ்ச்சிகளில், கூறு சிறிதாகும்போது காலத்தையும் சிறு சிறு படிகளாகப் பிரிக்க வேண்டியுள்ளது. கூரன்ட், ஃபிரெட்ரிக்ஸ், லெவி என்னும் மூன்று கணித அறிஞர்கள் 1928-ஆம் ஆண்டிலேயே இந்த நிபந்தனையை விளக்கினர். எனவே வேலையின் அளவு 8 மடங்கோடு நிற்காமல் 16 மடங்காகிவிடுகிறது. நேற்று ஒரு மணி நேரத்தில் முடிந்த கணக்கு, சற்று நுட்பமாகச் செய்ய முற்பட்டால் இன்று பதினாறு மணி நேரம் ஆகும். நினைவகத்தின் தேவையும் இவ்வாறே வளர்கிறது. திரவ ஓட்டக் கணக்குகளில் பத்து லட்சம் கூறுகளுக்கு ஏறத்தாழ 1 முதல் 2 ஜிகாபைட் நினைவகம் வேண்டும் என்பது பொறியியலாளர் கையாளும் தோராயமான அளவு. ஐந்து கோடி கூறுகள் கொண்ட சோதனையைச் சாதாரண மேசைக் கணினியில் தொடங்குவதுகூட இயலாது.

நாடு கடந்து வந்த பாதை

இந்தியாவில் இந்தத் தேவை புதிதன்று. பெங்களூரிலுள்ள தேசிய விண்வெளி ஆய்வுக்கூடம், திரவ ஓட்டக் கணக்குகளுக்காகவே 'ஃப்ளோசால்வர்' என்னும் இணைக் கணினியை 1986-ஆம் ஆண்டில் உருவாக்கியது. உயர்திறன் கணினிகளின் ஏற்றுமதிக்கு அமெரிக்கா கட்டுப்பாடுகள் விதித்திருந்த காலம் அது. 1988-ஆம் ஆண்டில் புணேயில் தொடங்கப்பட்ட மேம்பட்ட கணிமை வளர்ச்சி மையமான சி-டாக், 1991-இல் 'பரம் 8000' கணினியை உருவாக்கியது.

2015-ஆம் ஆண்டில் 4,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தேசிய மீத்திறன் கணினி இயக்கம் தொடங்கப்பட்டது. மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகமும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் இணைந்து மேற்கொண்ட இதனைச் சி-டாக் நிறுவனமும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் செயற்படுத்தின. இதன்கீழ் வாராணசி ஐ.ஐ.டி.யில் 2019-இல் 'பரம் சிவாய்' நிறுவப்பட்டது. இந்திய அறிவியல் கழகத்தில் 3.3 பெட்டாஃப்ளாப்ஸ் திறனுள்ள 'பரம் பிரவேகா' 2022-இல் செயற்படத் தொடங்கியது. 130 கோடி ரூபாய் செலவில் உருவான மூன்று 'பரம் ருத்ரா' கணினிகள் 2024 செப்டம்பரில் புணே, தில்லி, கொல்கத்தா ஆகிய இடங்களில் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டன.

இவை பெருமைக்குரிய சாதனைகள். எனினும் இக்கணினிகளை முதன்மையாகப் பயன்படுத்துவோர் உயர் கல்வி நிறுவனங்களும் ஆராய்ச்சிக் கூடங்களுமே. மாவட்டத் தலைநகரிலுள்ள பொறியியல் கல்லூரி மாணவருக்கும், இருபது பேர் வேலை செய்யும் தொழிலகத்திற்கும் கணிப்புத் திறன் கிடைக்க வேண்டுமானால் வேறொரு வாயிலும் திறக்கப்பட வேண்டும்.

மேகம் என்பது என்ன?

பெயரில் மேகம் இருந்தாலும் வானத்தில் எதுவும் இல்லை. கணினி வலையமைப்பின் வரைபடங்களில் வெளியுலக இணைப்பை ஒரு மேகத்தின் வடிவால் குறிப்பது வழக்கம். அதிலிருந்து இப்பெயர் நிலைத்தது. உண்மையில் இருப்பவை, மின்சாரமும் குளிரூட்டும் வசதியும் கொண்ட தரவு மையக் கட்டடங்களில் அடுக்கி வைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான கணினிகளே. அவற்றின் திறனைக் கூறுபோட்டு, வேண்டுவோருக்கு வேண்டும்போது இணையத்தின் வழியே வழங்குகிறார்கள்.

அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட வரையறை உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. அதன்படி மேகக் கணிமைக்கு ஐந்து இலக்கணங்கள் உண்டு: பயன்படுத்துபவரே வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம், வலையமைப்பின் வழியே எங்கிருந்தும் அணுகலாம், வளங்கள் பலருக்கும் பொதுவானவை, தேவைக்கேற்ப விரைவில் கூட்டலாம், குறைக்கலாம், பயன்பாடு அளக்கப்படும். மின்சார இணைப்போடு இதனை ஒப்பிடலாம். விளக்கெரிக்க யாரும் மின் நிலையம் கட்டுவதில்லை. மீட்டர் காட்டும் அளவிற்குப் பணம் செலுத்துகிறோம்.

இச்சேவை மூன்று படிகளில் கிடைக்கிறது. வெறும் கணினியை மட்டும் வாடகைக்குப் பெறுவது முதற்படி. இயங்குதளமும் கருவிகளும் நிறுவப்பட்ட மேடையைப் பெறுவது இரண்டாம் படி. மென்பொருளையே சேவையாகப் பெறுவது மூன்றாம் படி. மூன்றாம் படிக்கு நல்ல உதாரணம், ஐ.ஐ.டி. பம்பாயின் முயற்சியால் உருவான 'ஈ-ஃபவுண்டரி'. வார்ப்படத்தின் முப்பரிமாண வடிவத்தை இணையத்தின் வழியே அனுப்பினால், எந்தப் பகுதி கடைசியாக உறையும், குழி எங்கே விழக்கூடும் என்பதைக் கணக்கிட்டுத் திருப்பி அனுப்பும் வகையில் அது அமைக்கப்பட்டது. கணினியைப் பற்றிய அறிவு இல்லாத வார்ப்படத் தொழிலாளரும் பயன்பெறலாம் என்பதே இதன் சிறப்பு.

வணிக முறையில் கணிப்புத் திறனை இவ்வாறு வாடகைக்கு விடும் பழக்கத்தை 2006-இல் அமேசான் நிறுவனம் பரவலாக்கியது. இந்தியாவிற்குள்ளேயே தரவு மையங்களைக் கொண்டு மைக்ரோசாஃப்ட் 2015-லும், அமேசான் 2016-லும், கூகுள் 2017-லும் இச்சேவையைத் தொடங்கின. அரசுத் துறைகளுக்கென தேசியத் தகவலியல் மையத்தின் 'மேகராஜ்' மேகம் 2014-இல் தொடங்கப்பட்டது.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

பொருளாதார நோக்கில் இதுவே அடிப்படைக் கேள்வி. விளக்கத்திற்காக ஒரு கணக்கைப் பார்ப்போம். இதிலுள்ள விலைகள் கற்பனையானவை, முறைதான் முக்கியம்.

ஒரு தொழிலகம் 64 'கோர்' கொண்ட கணினி ஒன்றை 20 லட்சம் ரூபாய்க்கு வாங்குவதாகக் கொள்வோம். கோர் என்பது செயலிக்குள் தனித்து இயங்கும் கணிப்புப் பகுதி. கணினியின் ஆயுள் 4 ஆண்டுகள் எனில், ஆண்டுக்குத் தேய்மானம் 5 லட்சம் ரூபாய். மின்சாரம், குளிரூட்டல், பராமரிப்பு ஆகியவற்றிற்கு ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய். ஆக மொத்தம் 9 லட்சம் ரூபாய். எளிமைக்காக, பயன்பாடு குறைந்தாலும் இத்தொகை குறைவதில்லை என்று கொள்வோம். ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் உண்டு. எனவே அக்கணினி ஓயாமல் இயங்கினால் 5,60,640 கோர்-மணிகள் கிடைக்கும். ஒரு கோர்-மணியின் அடக்கவிலை சுமார் 1 ரூபாய் 60 காசு. மேகத்தில் இதே அளவு ஒரு கோர்-மணி 4 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வாங்குவதே மலிவு என்று தோன்றும்.

ஆனால் சிறு தொழிலகத்தின் கணினி ஓயாமல் இயங்குவதில்லை. புதிய வடிவமைப்பு வரும் வாரங்களில் இரவு பகலாக வேலை இருக்கும். பிற மாதங்களில் கணினி சும்மா கிடக்கும். பயன்பாடு 15 சதவீதம் மட்டுமே எனில், கிடைப்பவை ஏறக்குறைய 84,000 கோர்-மணிகள். அடக்கவிலை 10 ரூபாய் 70 காசாக உயர்ந்துவிடுகிறது. அதே வேலையை மேகத்தில் 3 லட்சத்து 36 ஆயிரம் ரூபாயில் முடித்துவிடலாம். மறுபுறம், பயன்பாடு 70 சதவீதமாக இருக்கும் ஆராய்ச்சிக்கூடம் மேகத்திற்குச் சென்றால் 15 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய் செலுத்த நேரும்; சொந்தக் கணினியில் 9 லட்சம்தான். இந்தக் கணக்கில் இரண்டும் சமமாகும் புள்ளி 40 சதவீதப் பயன்பாடு.

இதிலிருந்து பெறப்படும் பாடம் தெளிவானது. இடைவிட்டு வரும் தேவைக்கு வாடகை ஏற்றது. இடையறாத தேவைக்குச் சொந்தக் கணினி ஏற்றது. அன்றாட வேலைக்கு ஒரு சிறிய சொந்தக் கணினியை வைத்துக்கொண்டு, உச்சத் தேவைக்கு மட்டும் மேகத்தை நாடும் கலப்பு முறையும் பலருக்குப் பொருந்தும்.

அமைக்கும் முறை

மேகத்தில் கணினிவழிச் சோதனையை அமைப்பது சில படிகளைக் கொண்டது.

முதலாவது, வேலையின் தன்மையை அறிவது. ஒரே பெரிய கணக்கா, ஒன்றையொன்று சாராத நூறு சிறு கணக்குகளா? பம்பின் சுழலியை நூறு கோணங்களில் மாற்றி மாற்றிச் சோதிப்பது இரண்டாம் வகை. அதற்குத் தனித்தனியான எளிய கணினிகளே போதும். ஒரு காரைச் சுற்றி ஓடும் காற்றை ஐந்து கோடி கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடுவது முதல் வகை. அங்குப் பல கணினிகள் நொடிக்கு நொடி தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, தகுந்த கணினியைத் தேர்ந்தெடுப்பது. திரவ ஓட்டக் கணக்குகளில் செயலியின் வேகத்தைவிட, நினைவகத்திலிருந்து செயலிக்கு எண்கள் வந்து சேரும் வேகமே பெரும்பாலும் முட்டுக்கட்டையாகிறது. கோர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாடகைக்கு எடுப்பவர் ஏமாற்றமடைவது இதனால்தான். முதல் வகை வேலைக்கு, தாமதம் குறைந்த உள் இணைப்பு கொண்டதும், ஒரே இடத்தில் அருகருகே அமைந்ததுமான கணினித் தொகுதியைக் கேட்டுப் பெற வேண்டும்.

மூன்றாவது, மென்பொருள். வணிக மென்பொருள்களின் உரிமக் கட்டணம் பல சமயங்களில் கணினி வாடகையை மிஞ்சிவிடுகிறது. உரிமம் கோர்களின் எண்ணிக்கையைப் பொறுத்து விதிக்கப்படுமானால், மேகத்தில் கோர்களைக் கூட்டும்போது உரிமச் செலவும் கூடும். உரிமம் மேகத்தில் செல்லுமா என்பதையும் முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும். திரவ ஓட்டத்திற்கு 2004 முதல் கட்டற்ற மென்பொருளாக வெளிவரும் 'ஓப்பன்ஃபோம்' ஒரு மாற்று. ஐ.ஐ.டி. பம்பாயின் 'ஃபாஸி' திட்டம் இத்தகைய கட்டற்ற மென்பொருள்களைக் கல்லூரிகளில் பரப்பிவருகிறது. கட்டமைப்புகளின் வலிமையை ஆராய இஸ்ரோவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கிய 'ஃபீஸ்ட்' மென்பொருளும் உண்டு.

நான்காவது, வேலைகளை வரிசைப்படுத்தும் ஏற்பாடு. பலர் ஒரே தொகுதியைப் பயன்படுத்தும்போது, யாருடைய வேலை எப்போது, எத்தனை கோர்களில் ஓட வேண்டும் என்பதை 'ஸ்லர்ம்' போன்ற மென்பொருள் முறைப்படுத்துகிறது. வேலை வந்ததும் கணினிகளைத் தொடங்கி, முடிந்ததும் தானாக நிறுத்தும்படி இதனை அமைக்கலாம்.

ஐந்தாவது, சேமிப்பு. கணக்கு ஓடும்போது விரைவான சேமிப்பகம் வேண்டும். முடிந்தபின் முடிவுகளை மலிவான சேமிப்பகத்திற்கு மாற்றிவிட வேண்டும். ஒரு பெரிய சோதனையின் முடிவு பல நூறு ஜிகாபைட் ஆகலாம். அதனை இணையத்தின் வழியே அலுவலகத்திற்கு இறக்குவது காலத்தையும் பணத்தையும் விழுங்கும். படங்களை மேகத்திலேயே உருவாக்கித் திரையில் பார்ப்பதே சிக்கனம்.

கூட்டினால் குறையுமா?

மேகத்தில் கோர்களுக்குப் பஞ்சமில்லை என்பதால், அவற்றைப் பெருக்கிக்கொண்டே போனால் வேலை அதே விகிதத்தில் விரைவாக முடியும் என்று எண்ணத் தோன்றும். இது தவறு என்பதை ஜீன் ஆம்டால் 1967-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். எந்தக் கணக்கிலும் பலருக்குப் பகிர்ந்தளிக்க முடியாத ஒரு பகுதி உண்டு. அது 5 சதவீதமாக இருந்தால், எத்தனை ஆயிரம் கோர்களைச் சேர்த்தாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது.

வாடகை செலுத்துபவருக்கு இதன் பொருள் என்ன? மேற்கண்ட கணக்கில் 64 கோர்கள் தரும் வேகம் சுமார் 15.4 மடங்கு, 256 கோர்கள் தரும் வேகம் சுமார் 18.6 மடங்கு. கோர்கள் நான்கு மடங்கானபோது வேகம் கூடியது ஏறத்தாழ 21 சதவீதம் மட்டுமே. செலவோ 3.3 மடங்காகிவிட்டது. ஆகவே முழு வேலையைத் தொடங்குமுன், 16, 32, 64 என்று கோர்களைப் படிப்படியாகக் கூட்டிச் சிறு ஓட்டங்களைச் செய்து, எந்த அளவிற்கு மேல் பயன் குறைகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அரை நாள் செலவிடும் இச்சோதனை, மாதக் கணக்கில் வீண் வாடகையைத் தடுக்கும்.

மறைந்து நிற்கும் செலவுகள்

மின்விசிறியை நிறுத்த மறந்தால் சில ரூபாய் நட்டம். நூறு கோர்களை வெள்ளிக்கிழமை மாலை நிறுத்த மறந்து திங்களன்று திரும்பி வந்தால், மேலே கொண்ட 4 ரூபாய் விலைப்படியே, 60 மணி நேரத்திற்கு 24,000 ரூபாய் வீணாகிவிடும். எனவே கணக்கைத் திறந்தவுடன் முதலில் செய்ய வேண்டியது, செலவு வரம்பை நிர்ணயித்து எச்சரிக்கை அமைப்பது. வரம்பைத் தொட்டதும் எச்சரிக்கை வருவது மட்டும் போதாது. வேலையில்லாத கணினி தானாக நிற்கவும் வேண்டும்.

சிக்கனத்திற்கு வேறு வழியும் உண்டு. சேவை நிறுவனங்கள் தம்மிடம் அப்போதைக்குப் பயனின்றிக் கிடக்கும் கணினிகளை மிகக் குறைந்த வாடகைக்குத் தருகின்றன. ஆனால் வேறொருவருக்குத் தேவைப்பட்டால் குறுகிய முன்னறிவிப்பில் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். இடைக்கால முடிவுகளை அவ்வப்போது சேமித்து, விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய கணக்குகளுக்கு இது பொருத்தமானது.

வடிவமைப்பின் பாதுகாப்பும் செலவைப் போன்றே கவனத்திற்குரியது. ஒரு சிறு தொழிலகத்தின் முதலீடு அதன் வரைபடங்களே. அவற்றை அனுப்பும்போதும் சேமிக்கும்போதும் மறையாக்கம் செய்வது, ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு தந்து தேவையான அனுமதியை மட்டும் வழங்குவது, தரவு எந்த நாட்டில் வைக்கப்படுகிறது என்பதை ஒப்பந்தத்திலேயே குறிப்பது ஆகியவை இன்றியமையாதவை. இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு 2022 ஏப்ரலில் பிறப்பித்த நெறிமுறைகளின்படி, கணினி இயக்கப் பதிவேடுகளை 180 நாட்களுக்கு வைத்திருக்க வேண்டும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

அரசு நிறுவனங்களுக்கு ஏற்படும் இடர்ப்பாடு

அரசுக் கல்லூரிகளும் ஆராய்ச்சி நிலையங்களும் வேறொரு சிக்கலை எதிர்கொள்கின்றன. கணினி வாங்குவது மூலதனச் செலவு. ஒருமுறை ஒப்புதல் பெற்றால் பொருள் கைக்கு வரும். இருப்புப் பதிவேட்டிலும் ஏறும். மேக வாடகையோ மாதந்தோறும் மாறும் நடைமுறைச் செலவு. பதிவேட்டில் காட்டப் பொருள் எதுவும் இல்லை. முன்கூட்டியே தொகையைத் திட்டமாகச் சொல்ல இயலாது. மார்ச் 31-ஆம் தேதியோடு ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். ஆராய்ச்சியோ ஏப்ரலிலும் தொடர வேண்டும். இதன் விளைவாக, 15 சதவீதமே பயன்படும் கணினியை வாங்குவது நடைமுறையில் எளிதாகவும், சிக்கனமான வாடகையைப் பெறுவது கடினமாகவும் ஆகிவிடுகிறது.

இதற்குத் தீர்வு காணும் அடிப்படை ஏற்பாடுகள் உருவாகியுள்ளன. மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் மேகச் சேவை நிறுவனங்களைத் தணிக்கைக்கு உட்படுத்தித் தகுதிப் பட்டியலில் சேர்க்கிறது. அரசு மின்சந்தையின் வழியே இச்சேவையைக் கொள்முதல் செய்யவும் வகை உண்டு. இவற்றோடு, ஆண்டிற்கான உச்ச வரம்பை நிர்ணயித்து அதற்குள் அளவுக்கேற்பக் கட்டணம் செலுத்தும் ஒப்பந்த முறையையும், பயன்பாட்டு அறிக்கையையே செலவுச் சான்றாக ஏற்கும் தணிக்கை முறையையும் பரவலாக்கினால் இடர்ப்பாடு பெரிதும் நீங்கும். கணினி வாங்கும் ஒவ்வொரு கருத்துருவிலும், எதிர்பார்க்கும் பயன்பாட்டு சதவீதத்தைக் குறிப்பிடச் சொல்வதும் நல்லது. அந்த ஓர் எண்ணே வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்துவிடும்.

கணினி சொன்னால் போதுமா?

கணிப்புத் திறன் எளிதாகக் கிடைப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. வண்ணப் படங்களோடு வரும் விடையை உண்மை என்று நம்பிவிடும் மனப்பான்மையே அது. நார்வே நாட்டின் ஸ்டவாங்கர் நகருக்கு அருகே 1991 ஆகஸ்ட் 23 அன்று, 'ஸ்லைப்னர் ஏ' என்னும் எண்ணெய் எரிவாயுக் கடல்மேடைக்கான பிரம்மாண்டமான கான்கிரீட் அடித்தளம், சோதனைக்காக நீரில் அமிழ்த்தப்பட்டபோது உடைந்து மூழ்கியது. உயிர்ச்சேதம் இல்லை, பொருட்சேதம் 70 கோடி டாலர் அளவிற்கு மதிப்பிடப்பட்டது. ஆய்வில் தெரியவந்த முக்கியக் காரணம், கணினிவழிச் சோதனையில் ஓரிடத்தில் கூறுகள் சரியாக அமைக்கப்படாததே. அதனால் அங்கு ஏற்படும் வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாகக் கணக்கிடப்பட்டது. சுவரும் அதற்கேற்ப மெலிதாகக் கட்டப்பட்டது. பின்னர் நுட்பமாகச் செய்த கணக்கு, 62 மீட்டர் ஆழத்தில் அமைப்பு உடையும் என்று காட்டியது. அது உண்மையில் உடைந்தது 65 மீட்டரில்.

அந்தத் தவறு கணினியுடையதன்று; கேள்வியைத் தவறாகக் கேட்டவர்களுடையது. மேகத்தில் ஆயிரம் கோர்களை வாடகைக்கு எடுத்தாலும், தவறான கேள்விக்குத் தவறான விடையே விரைவாகக் கிடைக்கும். எனவே கூறுகளைச் சிறிதாக்கிப் பார்த்து விடை மாறுகிறதா என்று சோதிப்பதும், கைக்கணக்கோடு ஒப்பிடுவதும், முடிந்த இடங்களில் உண்மையான அளவீட்டோடு சரிபார்ப்பதும் ஒவ்வொரு பொறியியலாளரின் கடமை. வாடகைத் திட்டத்தில் இச்சரிபார்ப்பிற்கான கோர்-மணிகளையும் முதலிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். செலவைக் குறைப்பதாகக் கருதி இதனை விட்டுவிடுவது, அடித்தளம் இல்லாமல் வீடு கட்டுவதைப் போன்றது.

செய்ய வேண்டுவன

செயற்கை நுண்ணறிவுத் துறைக்கு 2024 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற இந்திய செயற்கை நுண்ணறிவு இயக்கம், 10,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட மதிப்பீட்டில், கணிப்புத் திறனை மானியத்தோடு மணிக்கணக்கில் வழங்கும் முன்மாதிரியைத் தந்துள்ளது. வார்ப்படம், பம்பு, இயந்திர உறுப்புகள் ஆகியவற்றைச் செய்யும் சிறு தொழிலகங்களுக்கும் இதுபோன்ற ஏற்பாட்டைச் சிந்திக்கலாம். தொழில் மையம் ஒவ்வொன்றிலும், அருகிலுள்ள பொறியியல் கல்லூரியையும் தொழில் சங்கத்தையும் இணைத்து ஒரு பொதுச் சேவைக் கூடம் அமைத்தால், கணினி மேகத்திலும் அதனை இயக்கும் திறன் உள்ளூரிலும் இருக்கும். கல்லூரி மாணவருக்கு உண்மையான தொழிற்சிக்கல்கள் பாடமாகும். தொழிலகத்திற்குத் தேர்ந்த ஆலோசனை கிடைக்கும்.

அரிய பொருளைப் பகிர்ந்து பயன்படுத்துவது நம் ஊர்களுக்குப் புதிதன்று. ஒரு டிராக்டரைப் பல விவசாயிகள் வாடகைக்கு எடுத்து உழுவது எங்கும் காணும் வழக்கம். டிராக்டர் வாடகைக்குக் கிடைத்தாலும், எந்த வயலில் எப்போது எவ்வளவு ஆழம் உழ வேண்டும் என்பதை அறிந்தவர் விவசாயியே. கணிப்புத் திறனும் அவ்வாறே. அதனை வாடகைக்குப் பெறலாம். அதற்கு வேண்டிய அறிவை வாடகைக்குப் பெற முடியாது. அந்த அறிவை நாடெங்கும் வளர்ப்பதில் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும், வீணாகும் வார்ப்படங்களைக் குறைத்தும், நம் பொருள்களின் தரத்தை உயர்த்தியும் பன்மடங்காகத் திரும்பி வரும்.